ஜெர்மனியில் பொங்கல்: வியாழனா, சனிக்கிழமையா?

கும்பகோணத்துப் பொண்ணு, மியூனிக்

2026இல் பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. இங்கே விடுமுறை கிடையாது. மகள் ஒன்றாம் வகுப்பு, பள்ளி எட்டு மணிக்கு. இந்த ஊரில் ஜனவரியில் சூரியன் உதிப்பதே எட்டு மணி வாக்கில்தான். சூரியனைப் பார்த்துப் பொங்க வைத்தால் அவள் வீட்டில் இருக்க மாட்டாள். தெரிந்தவர்கள் எல்லாரும் சனிக்கிழமை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அம்மா கொடுத்தனுப்பிய வெண்கலப் பானை இருக்கிறது. புது வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு, பானையைக் கண்டுகொள்ளவே இல்லை. பால்கனியில் கேம்பிங் அடுப்பு வைக்கலாமா? பால் பொங்கும்போது மகள் பக்கத்தில் நின்று, தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டி "பொங்கலோ பொங்கல்" என்று கத்த வேண்டும். சின்ன வயதில் நாங்கள் கத்திய மாதிரி. அதுதான் என் ஆசை.

திருச்சி, இப்போது ஸ்டுட்கார்ட்

அடுப்பு விஷயம் மட்டும் சொல்கிறேன். அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இண்டக்‌ஷனில் சூடாகும். வெண்கலம், பித்தளையில் ஒட்டாது. பால்கனி என்றால் முதலில் வீட்டு உரிமையாளரைக் கேளுங்கள். அவர் சரி என்றாலும் பியூட்டேன் குப்பி வாங்காதீர்கள், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அது ஆவியாகாது, தீ பிடிக்காது. ப்ரொப்பேன் குளிரிலும் எரியும்.

உள்ளேயே வைப்பதென்றால் எவர்சில்வர் பானை, பின் பக்க அடுப்பு. பால் வழிந்து தொடு பொத்தான்கள் மேல் விழுந்தால் அடுப்பு கூவிவிட்டு அணைந்துவிடும். பொங்குகிற நேரத்தில் அப்படி ஆனால் பிள்ளைக்கு முகம் வாடிவிடும்.

வல்வெட்டித்துறை, டொராண்டோ

தங்கச்சி, அன்றைக்கே செய்யுங்கோ. சனிக்கிழமை ஊராரோடு சேர்ந்து சாப்பிடுகிறது வேறு, தைப்பொங்கல் வேறு. கனடாவில் 2016இல் நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. மாதம் முழுக்க விழாக்கள் நடக்கும். அதெல்லாம் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் என்ர பிள்ளைகளுக்கு மனதில் நிற்கிறது வீட்டுப் பின்வளவில், பனியை வழித்துத் தள்ளிவிட்டு, மூன்று கல் வைத்துப் பொங்கினதுதான். வெள்ளைப் பனிக்குப் பக்கத்தில் மாக்கோலம் எடுபடாது, அரிசி மாவில் மஞ்சளைக் கலந்து போடுவோம். கைவிரல் விறைக்கும், பரவாயில்லை.

நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. ஊரிலும் எல்லாரும் உதயத்துக்கே வைப்பதில்லை, பஞ்சாங்கத்தில் சுபநேரம் பார்த்துப் பிந்தி வைக்கிற வீடுகள் எத்தனை? நீங்கள் ஆறரைக்கே பானையை ஏற்றுங்கோ. பால் பொங்கட்டும், பிள்ளை கத்தட்டும், சக்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகட்டும். போகிற வழியில் கிழக்கே காட்டிக் கும்பிடச் சொல்லுங்கோ. மேகம் மூடியிருந்தாலும் சூரியன் அங்கேதானே.

கும்பகோணத்துப் பொண்ணு, மியூனிக்

அக்கா, படித்ததும் அழுகை வந்துவிட்டது. வியாழக்கிழமையே, ஆறரைக்கே. எவர்சில்வர் பானையில் பொங்க வைத்து, அம்மாவின் வெண்கலப் பானைக்குச் சந்தனம் குங்குமம் இட்டுப் பக்கத்திலேயே வைக்கப் போகிறேன். மஞ்சள் கொத்து கிடைக்காது. இயற்கைப் பொருள் கடையில் பச்சை மஞ்சள் கிழங்கு வருகிறது, அதை நூலில் கோத்துக் கட்டிவிடுவேன். எங்களுக்கு எட்டு மணி என்றால் ஊரில் பன்னிரண்டரை. மகளை விட்டுவிட்டு வந்து அம்மாவைக் கூப்பிட்டால் படையல் முடித்து ஓய்வாகப் பேசுவாள்.

கரும்புக்குத்தான் வழி தெரியவில்லை.

திருச்சி, இப்போது ஸ்டுட்கார்ட்

வியட்நாம்காரர்களின் ஆசியக் கடைகளில் உறைபெட்டியைத் தேடுங்கள். தோல் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கிய கரும்பு பாக்கெட்டில் இருக்கும். தோகையோடு நிறுத்தி வைக்க முடியாது, ஆனால் பிள்ளை கடித்துத் தின்னலாம். முந்தின இரவே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.