‘லேட்டஸ்ட்தான் போட்டிருக்கேன்’: வெர்ஷன் எண்ணில் பட்டதும் தெரிந்ததும்

பாளையங்கோட்டையிலிருந்து:

எங்கள் கல்லூரி லேபில் என்பிடெல் (ஐஐடி ஆசிரியர்களின் இலவச வீடியோ வகுப்புகள்) பாடங்களை இறக்கி வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். காரையாறு பக்கமிருந்து வருகிறவர்களுக்கு வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை, பென்டிரைவில் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். இறக்குவதற்கு ஒய்டி-டிஎல்பி என்ற கமாண்ட் லைன் கருவியைப் பயன்படுத்துகிறோம். ஓப்பன் சோர்ஸ்தான், பழைய யூடியூப்-டிஎல்லிலிருந்து கிளைத்தது.

போன பருவத் தொடக்கத்தில், அம்பாசமுத்திரத்தில் இதே வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன் போட்டார். “அண்ணாச்சி, உங்க லேபுல ஓடுதுன்னு சொல்லுதிய, இங்க ஒரு வீடியோகூட இறங்க மாட்டேங்கு.” எந்த வெர்ஷன் என்று கேட்டேன். “லேட்டஸ்ட்தான், நேத்துதானே போட்டேன்.” வெர்ஷன் கமாண்டை அடித்து, வருவதை வாசிக்கச் சொன்னேன். “2022.04.08” என்று வாசித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நேற்று போட்டது உண்மைதான். ஆனால் அவர் போட்டது உபுண்டு 22.04 என்ற லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்தில் இருந்த பொதி. நீண்டகால ஆதரவுள்ள வெளியீடுகளில் மென்பொருள்களை வந்த வெர்ஷனிலேயே நிறுத்திவிட்டு, பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் சேர்ப்பார்கள். சர்வருக்கு அது நல்லது. யூடியூப் தன் தளத்தை மாற்றும்போதெல்லாம் கூடவே மாறவேண்டிய கருவிக்கு அது ஆகாது.

தேதியையே வெர்ஷன் எண்ணாக வைக்கும் முறையை நான் மனதார ஆதரிப்பது இதனால்தான். வெறும் 4.1.1 என்று இருந்திருந்தால் அது போன மாதம் வந்ததா, பல வருடம் பழையதா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பொதியை நீக்கிவிட்டு, திட்டத்தின் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து நேரடிக் கோப்பை எடுத்துப் போடச் சொன்னேன். அப்படிப் போட்டால்தான் கருவி தன்னையே புதுப்பித்துக்கொள்ளும். ஸ்டேபிள், நைட்லி, மாஸ்டர் என்று மூன்று தடங்கள் உண்டு. மாற்றம் இருந்தால் நைட்லி தினமும் வரும். வழக்கமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு அதையேதான் அந்தத் திட்டத்தார் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, திரும்பி வர வழி வைத்திருப்பது. ‘அப்டேட்-டு’ என்று கொடுத்து, ஸ்டேபிள், @ குறி, பழைய தேதி என்று சேர்த்து எழுதினால் அந்த வெர்ஷனுக்கே போய்விடலாம். இந்த வழி இல்லாத ரோலிங் ரிலீஸை (மாற்றங்களைத் தொடர்ந்து வெளியிட்டுக்கொண்டே இருக்கும் முறையை) நான் லேபில் ஏற்றவே மாட்டேன்.

திருநெல்வேலி டவுணிலிருந்து:

அண்ணாச்சி சொல்வது அவர் வேலைக்குச் சரி. என் வேலைக்கு ரோலிங் வேண்டவே வேண்டாம்.

அச்சகம் வைத்திருக்கிறேன். கோயில் கொடை நோட்டீஸ்தான் பெரிய வேலை. ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புவார்கள், எங்கள் பழைய லேஅவுட் மென்பொருளுக்குப் பாமினி என்ற பழைய எழுத்துரு முறை வேண்டும். நடுவில் மாற்றிக்கொடுக்க ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் கமாண்ட். ஒரு ஆடி மாதம், வேலை குவிந்து கிடக்கும்போது, புரூஃபில் ‘ஸ்ரீ முத்தாரம்மன்’ உடைந்து கிடந்தது. ஸ் தனியாக, ரீ தனியாக.

யூனிகோடில் ஸ்ரீயை இரண்டு விதமாக எழுதலாம். ‘ஸ’ வைத்தும் வரும், ‘ஶ’ வைத்தும் வரும். இந்த ‘ஶ’ 2005-இல், யூனிகோடு 4.1-இல்தான் சேர்ந்தது. கருவியின் புது வெளியீடு ‘ஶ’ போட்ட வடிவத்தை மட்டும் கூட்டெழுத்தாக எடுத்துக்கொண்டு, மற்றதைப் பிரித்துவிட்டது. பாதிப் போன்களிலிருந்து வருவது ‘ஸ’ வடிவம்!

எனக்கு வருத்தம் வெர்ஷன் எண்ணைப் பார்த்துத்தான். 1.4.2-இலிருந்து 1.4.3. செமான்டிக் வெர்ஷனிங் முறைப்படி கடைசி எண் கூடினால், பழையபடி நடப்பது எதுவும் கெடாத பிழைத்திருத்தம் என்று பொருள். ஏற்கெனவே சரியாக வந்துகொண்டிருந்த முடிவு மாறுகிறதென்றால் முதல் எண்ணைத்தான் கூட்ட வேண்டும். அந்த எண்ணை நம்பித்தான் எங்கள் அச்சகத் தம்பி அப்டேட் கொடுத்தான். மாதிரி வரிகளோடு கருவியை உருவாக்கியவர்களுக்கு எழுதினோம், இரண்டு வடிவத்தையும் ஏற்கும்படி மாற்றிவிட்டார்கள், நல்ல மனுஷர்கள். இப்போது கொடை சீசன் முழுக்க ஒரே வெர்ஷனைக் கட்டிவைத்துவிடுகிறோம். புதியது வந்தால் போன வருட நோட்டீஸ்களை அதில் ஓட்டி, பழைய வெர்ஷன் தந்த முடிவோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மாற்றம்.

தென்காசியிலிருந்து:

தேதி வெர்ஷனிலும் ஒன்றைக் கவனியுங்கள். 2023.03.04 என்று வெளிவந்தது பைத்தான் பொதிக் களஞ்சியத்தில் 2023.3.4 என்றுதான் நிற்கும். அங்கே முன்னால் வரும் சுழியம் நீங்கிவிடும். இரண்டும் ஒரே வெளியீடு. ஆனால் பெயரை எழுத்து வரிசையில் அடுக்கிக் கடைசியை எடுக்கிற ஸ்கிரிப்ட் இருந்தால், சுழியம் போனதும் 10-ஆம் மாதம் 9-ஆம் மாதத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். 1.9-க்குப் பின்னால் வரவேண்டிய 1.10 முன்னால் போய்விடும் கதையும் இதுவேதான். எங்கள் ஆபீஸ் ஸ்கிரிப்ட் இப்படித்தான் பழையதையே புதியதென்று எடுத்துக்கொண்டிருந்தது. லினக்ஸ் சார்ட் கமாண்டில் பெரிய எழுத்து ‘வி’ விருப்பம் கொடுத்ததும் சரியானது.