வெள்ளி பெண்ணாம், செம்பு ஆணாம்: யார் சொன்னது?

பண்ணைக்காட்டான்:
பழனி அடிவாரத்துல தாயத்து கட்டுறவர் ஒருத்தர், பொம்பளைங்களுக்கு வெள்ளிக் குப்பி, ஆம்பளைங்களுக்குச் செம்புக் குப்பிங்கிறார். தங்கம், செம்பு ஆண் உலோகமாம்; வெள்ளி பெண்ணாம். இது நம்ம வழக்கமா?

மலைப்பூண்டு:
பாதி மேல்நாட்டுச் சரக்கு அண்ணே. அங்கதான் சூரியன் ஆண், தங்கம் அவனுக்கு. நிலா பெண், வெள்ளி அவளுக்கு. ஆனா அதே கணக்குல செம்பு சுக்கிரனோடது, அதுவும் பெண்! உங்காளு அரைகுறையாப் படிச்சிருக்கார். நம்ம சந்திரனோ ஆம்பளை, 27 பொண்டாட்டிக்காரன்.

போகர்அடிமை:
தம்பி, ஜாதகத்துல சந்திரனும் சுக்கிரனும் பெண் கிரகம், புதனும் சனியும் அலி. இதையும் வெள்ளைக்காரனா சொன்னான்? சித்தர் முறையில ரசம், அதான் பாதரசம், சிவன் விந்து, கந்தகம் சக்தி நாதம். ரெண்டும் சேர்ந்தாத்தான் லிங்கம்ங்கிற சிவப்பு மருந்துச் சரக்கு. போகர் நவபாஷாணம் கட்டினதாச் சொல்ற மலைக்குக் கீழ உக்காந்துக்கிட்டு நக்கல் வேண்டாம்.

மலைப்பூண்டு:
நக்கல் இல்லீங்க. ரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்துல அரைச்சா மை மாதிரி கறுக்கும், பதங்கமாக்கினா சிவக்கும். சிவன் சக்தி தெரியாத ஊர்லயும் அப்படித்தான். (யாரும் வீட்ல பண்ணிப் பாத்துடாதீங்க, ரச ஆவி நஞ்சு.) மூலிகைக்கு வாங்க. துளசியைப் பெண்ணாக்கிக் கல்யாணமே பண்ணி வைக்கிறோம். அது பூவுல மகரந்தமும் சூலும் ஒண்ணாவே இருக்கு. சீந்தில்ல நெசமாவே ஆண்கொடி வேற, பெண்கொடி வேற. அதை எந்த மந்திரவாதியும் பிரிச்சுக் கேட்டு நான் பாக்கல.

உளிச்சத்தம்:
கல்லை விட்டுட்டீங்களே. தட்டினா வெண்கல மணியாட்டம் கணீர்னா ஆண் கல், சாமி சிலைக்கு. ஓசை கொஞ்சம் மெத்துனு வந்தா பெண் கல், அம்மனுக்கு. ஓசையே எழும்பலைன்னா அலிக் கல், தளம் போடத்தான் ஆகும். எங்கப்பா உளியைத் திருப்பிப் பிடிச்சு நாலு மூலையும் தட்டாம கல்லுக்கு விலை பேச மாட்டார்.

மலைப்பூண்டு:
உள்ள விரிசல் இருந்தா ஓசை செத்துடும். நல்ல சோதனைதான், அதுல ஆண் பெண் எங்க வந்துச்சு?

உளிச்சத்தம்:
விரிசல் அலிக் கல்லுக்குச் சரி. நல்லா ஒலிக்கிற ரெண்டு கல்லையும் ஏன் பிரிச்சாங்க? அதுக்குச் சொல்லு.

மலைப்பூண்டு:
ரெண்டு ஸ்தபதி, கண்ணைக் கட்டிக்கிட்டு, தனித்தனியாத் தட்டட்டும். ஒரே பதில் வந்தா ஒத்துக்கிறேன்.

உளிச்சத்தம்:
காதுக்குத்தானே வேலை, கண்ணைக் கட்டு. சித்தப்பாவையும் கூப்பிடுறேன், ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வா. கல்லை நீயே பொறுக்கு.