தாத்தாவுக்குக் கண்புரை, அம்மாவுக்குக் கை இறுக்கம், எனக்கு 400: பிள்ளைக்கு?

கேள்வி: பானுமதி
வயது 27. மயோடோனிக் டிஸ்ட்ரோபி முதல் வகை, அதாவது தசை இறுகி வலுவிழக்கும் பரம்பரை நோய், என்று அறிக்கை வந்திருக்கிறது. மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் சிடிஜி தொடர் என் அம்மாவுக்கு ஏறத்தாழ 150 தடவை, எனக்கு 400. அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு இளவயதிலேயே கண்புரை. மற்றபடி கடைசிவரை வயலில் நின்றவர். அம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல்தான் கை இறுகியது. எனக்கோ கல்லூரிக் காலத்திலேயே பஸ் கம்பியைப் பிடித்தால் விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் பிரியும். நாலைந்து முறை மூடித் திறந்தால் இளகும். ஒரே நோய் ஏன் தலைமுறைக்குத் தலைமுறை முந்திக்கொண்டு வருகிறது? குழந்தைக்கு ஆசைப்படுகிறோம். “இன்னும் கூடுமா?” என்று மாமியார் கேட்கிறார்.

பதில்: மரபணு ஆலோசகர்
பானுமதி, 19ஆம் குரோமோசோமில் டிஎம்பிகே என்ற மரபணுவில் சிடிஜி என்னும் மூன்றெழுத்து அடுத்தடுத்து வரும். பொதுவாக 5 முதல் 34 தடவை. அந்த அளவில் பெரும்பாலும் மாறாமல் பிள்ளைக்குப் போகும். 50ஐ எட்டினால் நோய்க்கு இடமுண்டு. அத்தனை நீளமான தொடர், டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போதும் பழுதுபார்க்கப்படும்போதும் கொண்டை ஊசிபோல் மடிந்துகொள்ளும். செல் அதைச் சரிசெய்யப் போய்க் கூடுதல் எழுத்துகளைச் சேர்த்துவிடுகிறது. நீளம் கூடக் கூடப் பிசகும் கூடும்; நோயும் பொதுவாக முந்திக்கொண்டு வரும்.

நோய் தலைமுறைக்குத் தலைமுறை முந்துகிறது என்று நோயாளிகளின் குடும்பங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. ஆனால் 1948இல் பிரிட்டிஷ் மரபியலாளர் லயனல் பென்ரோஸ், நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதத்தால் வந்த தோற்றம் இது என்றார். 1992இல் மரபணு பிடிபட்டபோது குடும்பங்கள் சொன்னதே சரி என்று தெரிந்தது. அந்த நாற்பது ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

உங்கள் மாமியார் கேட்பது நியாயம். ஆயிரத்தை எட்டும் பெரிய தாவலும், பிறவியிலேயே தாக்கும் வடிவமும் ஏறக்குறைய எப்போதும் தாய்வழியில்தான் வருகின்றன. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தத் தொடர் போகாமலிருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. போகவில்லையென்றால் அந்தக் கிளையில் நோய் அத்தோடு நின்றது. கருத்தரிக்கும் முன்பே ஆலோசனைக்குப் போங்கள். சோதனைக்குழாய் முறையில் கருவைச் சோதித்தே வைக்கலாம். இயல்பாகத் தரித்தால் 11ஆம் வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவைச் சோதிக்கலாம்.

பதில்: செல்வம்
தங்கை, எனக்கு அப்பா வழியில் வந்தது. அவருடையதைவிட என் எண் குறைவு. தந்தை வழியில் அபூர்வமாக அப்படியும் நடக்கும் என்றார் மருத்துவர். இன்னொன்று: ரத்தத்தில் இந்த எண் வயதோடு ஏறிக்கொண்டே போகும். அம்மாவின் 150, அவர் பிறந்தபோது இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும்.

ஆண்டுதோறும் இசிஜி எடுங்கள், அம்மாவுக்கும் சேர்த்து. பிரசவமோ வேறு அறுவையோ, மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்கூட்டியே நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள்; சில மருந்துகள் நமக்கு ஆகாது.