ஷேக்கரில் வைத்த சாயம் வெளுக்கவில்லை: உதவி தேவை

நிலா (முதுநிலை நுண்ணுயிரியல், 2ஆம் ஆண்டு):
வணக்கம். எங்கள் தோட்டம் நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. திருப்பூர் சாயக்கழிவால் கிணற்றில் உப்பேறித் தென்னை கருகியதைப் பார்த்து வளர்ந்ததால்தான், பாக்டீரியாவால் சாயத்தை வெளுக்கும் இந்த ஆய்வை எடுத்தேன். நொய்யல் கரை மண்ணிலிருந்து பிரித்த பாக்டீரியாவை ரியாக்டிவ் பிளாக் 5 என்ற துணிச்சாயத்தில், லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில் சோதிக்கிறேன். ஊட்டக் கரைசலில் நன்றாக வளர்கிறது. ஆனால் ஷேக்கரில் (குடுவையைக் குலுக்கிக் காற்றைக் கலக்கும் கருவி) நிமிடத்துக்கு 150 சுற்று வீதம் மூன்று நாள் சுழற்றியும் கருநீலம் துளியும் குறையவில்லை. எங்கே தவறு?

சுத்திகரிப்பு நிலைய ஆய்வகர்:
ஷேக்கரை நிறுத்துங்கள் அம்மணி, கோளாறு அதில்தான். இது அசோ சாயம். இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள இரட்டைப் பிணைப்பு அறுந்தால்தான் நிறம் போகும். அறுப்பதற்கு பாக்டீரியா எலக்ட்ரான்களைத் தர வேண்டும். காற்று தாராளமாக இருந்தால் ஆக்சிஜனே அவற்றை வாங்கிக்கொள்ளும், சாயத்துக்கு மிஞ்சாது. குடுவையை அசைக்காமல் வையுங்கள். பாக்டீரியா சேர்க்காத குடுவை ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

நிலா:
இரண்டு நாள் அசைக்காமல் வைத்தேன். அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து இளமஞ்சளாகிவிட்டது! மேலே காற்றுப் படும் இடத்தில் மட்டும் விரலகலத்துக்கு நீல வளையம் நிற்கிறது. பாக்டீரியா சேர்க்காத குடுவை அப்படியே இருக்கிறது. இந்த நீரைச் செடிக்கு ஊற்றலாமா?

பேராசிரியர் (ஓய்வு):
வேண்டாம், பொறுங்கள் அம்மா. முதலில் மையவிலக்கில் சுழற்றி அடியில் தங்கும் செல்களைப் பாருங்கள். அவை கறுத்திருந்தால் சாயம் சிதையவில்லை, செல்லில் ஒட்டிக்கொண்டது என்று பொருள். வெளிறியிருந்தால் நல்லது. ஆனால் பிணைப்பு அறுந்த இடத்தில் அரோமேட்டிக் அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் பிறக்கின்றன. அவற்றில் சில சாயத்தைவிடக் கொடியவை, கண்ணுக்கும் தெரியாதவை. அவற்றைச் சிதைக்கக் காற்று வேண்டும். ஷேக்கருக்கு இப்போதுதான் வேலை. காற்றூட்டும்போது நிறம் லேசாகத் திரும்பினால் கலங்க வேண்டாம்: இந்தச் சாயத்தின் சிதைபொருள் ஆக்சிஜனேற்றத்தால் மீண்டும் நிறம் பெறும். அதை மறைக்காமல் ஆய்வேட்டில் எழுதுங்கள். பிறகு நஞ்சு மிச்சமிருக்கிறதா என்று அறிய, அந்த நீரில் பச்சைப்பயறை முளைக்க வைத்து வேரின் நீளத்தை அளந்து பாருங்கள்.

சுத்திகரிப்பு நிலைய ஆய்வகர்:
இன்னொன்று. பட்டறையிலிருந்து வரும் அசல் கழிவுநீரை எடுத்தவுடன் ஊற்றிவிடாதீர்கள். காரம் பிஎச் 10ஐத் தாண்டியிருக்கும், உப்பும் அதிகம். நடுநிலையாக்கி, பாக்டீரியாவை அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். உங்கள் கிணற்றில் ஏறிய உப்பை எந்த பாக்டீரியாவும் தொடாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, இங்கே உப்பைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவலையும் (ஆர்ஓ) ஆவியாக்கிகளையும்தான் நம்பியிருக்கிறோம்.

நிலா:
செல்கள் வெளிறித்தான் இருக்கின்றன ஐயா. வெளுத்த நீர் ஷேக்கரில் சுழல்கிறது. சாயநீர், வெளுத்த நீர், காற்றூட்டிய நீர், குடிநீர் என நான்கு தட்டுகளில் பெயர் எழுதிவிட்டேன். பயறு ஊறிக்கொண்டிருக்கிறது.