அட்வெண்ட் வளையத் தழை மூன்றாம் வாரமே உதிர்கிறது, மெழுகுவர்த்தியில் குழி விழுகிறது

கோத்தகிரி_செயலர்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கோத்தகிரிப் பக்கம் 42 குடும்பம் உள்ள சின்னச் சபை, வெஸ்லியன் மிஷன் வழி வந்தது. இந்த 2026-ல் முதல் அட்வெண்ட் ஞாயிறு நவம்பர் 29. இப்போதே கேட்டு வைத்துக்கொள்கிறேன்.

அட்வெண்ட் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறு. பீடத்துக்குப் பக்கத்தில் நாலு வர்த்தி நிற்கும் 2 அடி அகல வளையம் வைத்து, வாரம் ஒரு வர்த்தியாகக் கூட்டி ஏற்றுவோம். பூக்கடைப் பச்சைப் பஞ்சில் சைப்ரஸ் தழையைக் குத்துகிறோம். மூன்றாம் ஞாயிறுக்குள் பழுப்பாகிக் கொட்டுகிறது. மெழுகுவர்த்தி 2 அங்குலத் தடிமன். ஓரம் சுவர் மாதிரி அப்படியே நிற்கிறது, நடுவில் குழி விழுந்து திரி மூழ்கி அணைந்துபோகிறது. ஊதா வர்த்திக்குக் கோயம்புத்தூர்தான் போக வேண்டும். வெள்ளை வர்த்தியை உருக்கிச் சாயம் போடலாமா?

டிசம்பர் 24-ம் தேதி ராத்திரி மெழுகுவர்த்தி ஆராதனைக்கு 120 பேர் வருவார்கள். தரையெல்லாம் மெழுகு ஒட்டாமல் இருக்க வழி உண்டா? வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்?

கோயில்குட்டி_குன்னூர்:

குழி விழுவது வர்த்தியின் குற்றமில்லை, நேரக் கணக்குதான். தடி வர்த்தி ஒவ்வொரு தடவையும் ஓரம் வரை உருகி ஒரே குளமாக நிற்க வேண்டும். ஒரு அங்குல விட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 அங்குல வர்த்திக்கு 2 மணி நேரம். உங்கள் ஆராதனை ஒன்றரை மணிதான் இருக்கும், நம் குளிருக்கு ஓரம் இன்னும் மெதுவாக உருகும். முதல் தடவை உருகிய வட்டத்தைத் தாண்டி அடுத்த தடவையும் உருகாது, அதனால் குழி ஆழமாகிக்கொண்டே போகும். ஆராதனைக்கு அரை மணி முன்னால், முதல் மணி அடிக்கும்போதே கோயில்குட்டி (கோயில் பணியாளர்) பழைய வர்த்திகளை ஏற்றிவிடட்டும். அந்த வாரத்துப் புது வர்த்தியை மட்டும் ஆராதனையில் ஏற்றி, ஆசீர்வாதம் முடிந்தும் அரை மணி விட்டு அணையுங்கள். திரியை ஒவ்வொரு தடவையும் 5 மி.மீ. அளவுக்கு நறுக்குங்கள். ஏற்கெனவே குழி விழுந்திருந்தால் மேல்விளிம்பைச் சுற்றி அலுமினியத் தாளைத் தொப்பி போல மடித்து, நடுவில் ரூபாய் நாணய அளவு ஓட்டை விட்டு 20 நிமிடம் எரியவிடுங்கள். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். ஓரச் சுவர் இளகிச் சமமாகிவிடும்.

ஒல்லி வர்த்தி போதும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த தடிமன் வர்த்தி மணிக்குச் சுமார் ஒரு அங்குலம் கரையும். முதல் வர்த்தி 4 ஞாயிறு, 24 ராத்திரி, 25 காலை என்று 6 தடவை எரிகிறது, அதாவது 9 மணி நேரம். 12 அங்குல வர்த்தியில் மிச்சம் 3 அங்குலம், தழையின் உயரமும் அதுதான். கிறிஸ்துமஸ் அன்றைக்குத் தழை பற்றினால் யார் பொறுப்பு? ஒல்லிதான் வேண்டுமென்றால் மூன்றாம் ஞாயிறன்று முதலாவது வர்த்தியைக் கழற்றிவிட்டுப் புதிது வையுங்கள்.

சாயத்துக்குக் கிரேயான் உருக்கிக் கலக்கவே வேண்டாம். அதன் நிறமித் தூள் திரியை அடைத்துவிடும், புகைந்து அணையும். வெள்ளை வர்த்தியே இருக்கட்டும், அடியில் ஒரு அங்குல ஊதா ரிப்பன் போதும். தீயிலிருந்து தூரமாக, தழைக்குச் சற்று மேலே கட்டுங்கள்.

தோட்டக்கார_சித்தி:

தழைக்கு நான் சொல்கிறேன் தம்பி. அந்தப் பச்சைப் பஞ்சை விடுங்கள். ஒரு தடவை காய்ந்துவிட்டால் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் சரியாகத் தண்ணீர் குடிக்காது. வாரநாளில் யாரும் ஊற்றுவதில்லை, அதுதான் உதிர்கிறது.

12 மி.மீ. பிளைவுட்டில் 24 அங்குல வட்டம் வெட்டுங்கள், நடுவில் 10 அங்குல ஓட்டை. வர்த்தி நிற்கும் நாலு இடத்திலும் அடியிலிருந்து 2 அங்குல ஆணி அடியுங்கள். வர்த்தியைக் குத்தும் முன் ஆணியைச் சூடாக்க வேண்டும். சூடாக்காத ஆணியில் குத்தினால் வர்த்தி பிளந்துவிடும், இல்லையென்றால் சாய்ந்து நிற்கும். ஆணியைச் சுற்றி 4 அங்குலத் தகரத் தட்டு ஒன்று வைத்துவிட்டால் தழைக்கும் வர்த்திக்கும் இடைவெளி கிடைக்கும்.

சைப்ரஸ் நுனிக்கொப்பை 6 அங்குலமாகக் காலையில் வெட்டி, ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். நாலைந்து கொப்பாகச் சேர்த்துக் கட்டுக்கம்பியால் முடிந்து, ஒரே திசையில் ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று கட்டுங்கள். இந்த அளவுக்கு 40 கட்டு பிடிக்கும். ஞாயிறு மதியம் வளையத்தைக் கழற்றி வெஸ்ட்ரியில் (ஆயர் அங்கி மாற்றும் அறை) ஈரச் சாக்கு மேல் வையுங்கள். வராந்தாவில் பனி படும் என்று வெளியே வைத்தால் குரங்கு பிய்த்துப்போடும். இரண்டாம் ஞாயிறு முடிந்ததும் பாதிக் கட்டை மாற்றினால் 25 வரை பச்சையாக இருக்கும்.

கோயில் வளாகத்தில் கவாத்து செய்த கொப்பே போதும். மரத்தைச் சாய்க்க நினைத்தால் 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி வேண்டும். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையை மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்த எண்ணெய் குப்பென்று பிடிக்கும். காய்ந்த பேப்பர் பூவும் அப்படித்தான். சிவப்புக்கு பாயின்செட்டியா வைத்தால் வெட்டிய நுனியைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்குங்கள். இல்லாவிட்டால் பால் வடிந்து பீட விரிப்பு கறையாகிவிடும்.

பாஸ்_குரல்:

மூன்றாம் ஞாயிறு ரோஸ் வர்த்தி இல்லாவிட்டால் பிழை என்று யாராவது சண்டை பிடித்தால் விட்டுவிடுங்கள். 1839-ல் ஹாம்பர்க்கில் வீகெர்ன் என்ற லுத்தரன் போதகர் விடுதிப் பிள்ளைகளுக்காக வண்டிச் சக்கரத்தில் வைத்தது நாலு பெரிய வெள்ளை வர்த்தியும் வாரநாளுக்குச் சின்னச் சிவப்பு வர்த்திகளும். ஊதாவும் ரோஸும் பிறகு ஒட்டிக்கொண்டவை.

24 ராத்திரிக்கு 120 பேர் என்றால் 150 வர்த்தி வாங்குங்கள், உடைவது எப்போதும் உண்டு. சார்ட் அட்டையை மூன்றரை அங்குலச் சதுரமாக வெட்டி, நடுவில் பெருக்கல் குறி போலக் கீறி வர்த்தியைச் செருகுங்கள். பிளாஸ்டிக் கப் வேண்டாம், இளகும், மாவட்டத்தில் தடையும் இருக்கிறது. மெழுகு தரையில் விழுவது பெரும்பாலும் ஏற்றும் அந்த ஒரு நிமிடத்தில்தான். எரியும் வர்த்தி நேராகவே நிற்க வேண்டும், எரியாத வர்த்திதான் சாய்ந்து வர வேண்டும். ஆயர் இதை ஆராதனைக்கு முன் ஒரு தடவை செய்து காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நம் ஊரில் எல்லோரும் அக்ரிலிக் சால்வை, மங்கி கேப். பொறி பட்டால் உருகி ஒட்டும். எட்டு வயசுக்குக் கீழே இருப்பவர்களுக்கு பேட்டரி விளக்கு. இரண்டு பக்கமும் மணல் வாளி. தரையில் விழுந்ததைச் சூடாக இருக்கும்போது துடைக்காதீர்கள், பரவும். காலையில் தகட்டால் சுரண்டி, மேலே பழுப்புத் தாள் வைத்துத் தேய்ப்புப் பெட்டியை மெல்ல ஓட்டுங்கள்.

கிட்டாரைக் குளிர்ந்த கோயிலில் சுருதி சேர்த்தால் கூட்டம் சேர்ந்து சூடானதும் இறங்கிவிடும். ஜனம் வந்தபின் இன்னொரு தடவை பாருங்கள். தம்புருத் தோல் ஈரத்தில் தொய்யும், கேரலுக்குக் கிளம்பும் முன் அடுப்பு ஓரம் காட்டினால் சரி.

ஹட்டி_லைன்_கேரல்:

42 வீட்டுக்கு நாலு சாயங்காலம். ஒரு வீட்டுக்கு 8 நிமிடம், இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், அவ்வளவே. எந்த வீட்டில் டீ, எங்கே வர்க்கி என்று முன்கூட்டியே பிரித்துவிடாவிட்டால் முதல் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள், கடைசி நாலு வீட்டுக்குக் குரலே இருக்காது. தோட்டத்து லைன் வீடுகளை முதலில், பொழுது சாய்ந்ததும் முடியுங்கள். தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் நடக்கிற நேரம் அதற்குப் பிறகுதான். 9 மணிக்குள் நிறுத்துங்கள். மைக் வைத்தால் 10-க்கு மேல் சட்டப்படியே கூடாது. கிழக்குச் சரிவில் டிசம்பரிலும் மழை வரலாம், அதனால் ஐந்தாவதாக ஒரு மாற்றுத் தேதி காலியாக வையுங்கள். காணிக்கைப் பையை இரண்டு பேர் சேர்ந்து அன்றன்றே எண்ணி நோட்டில் கையெழுத்துப் போடட்டும். சமவெளியிலிருந்து பாடகர் குழு வேனில் வந்தால் இ-பாஸ் (நீலகிரிக்குள் வர ஆன்லைன் அனுமதி) எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது உண்டு.

கோத்தகிரி_செயலர்:

எல்லோருக்கும் நன்றி. பிளைவுட் வட்டத்தை ஆசாரியிடம் சொல்லியாயிற்று. 25 காலை திருவிருந்துக்குப் புளிக்காத திராட்சைச் சாறு நாங்களே செய்கிறோம். 120 பேருக்கு எவ்வளவு?

தோட்டக்கார_சித்தி:

ஆளுக்கு 8 மி.லி. என்றால் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பன்னீர் திராட்சை 2 கிலோ வாங்கினால் தாராளம். கழுவி, கொட்டையை நசுக்காமல் கையால் பிசைந்து, கால் மணி நேரம் மெல்லிய தீயில் வைத்து, மல்துணியில் பிழியாமல் வடியவிடுங்கள். பிழிந்தால் கலங்கும். வடித்ததைத் திரும்ப அடுப்பேற்றி, ஆவி வந்ததும் ஐந்து நிமிடம் விட்டு, கொதிநீரில் அலசிய கண்ணாடிப் பாட்டிலில் சூடாகவே கழுத்து வரை ஊற்றி மூடுங்கள். சர்க்கரை வேண்டாம். குளிர்தானே என்று அலமாரியில் வைக்காதீர்கள், மூன்றாம் நாள் நுரைக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து, 23-ம் தேதி செய்தால் போதும்.