கையால் செய்த பாம்புப் பெட்டி: மறக்க முடியாத அனுபவங்களைப் பகிருங்கள்

வடலி, ஸ்காபரோ

மூன்று ஆண்டுகள் கடந்தும் அந்தப் பத்தொன்பது நாட்கள் மனத்தை விட்டு அகலாததால் இதை எழுதுகிறேன். மகனுக்காகச் சோளப்பாம்பு (corn snake) என்னும் விஷமற்ற பாம்பின் குஞ்சு ஒன்று வாங்கியபோது, கடையில் விற்கும் நான்கடிப் பெட்டிக்கு நானூறு டாலர் கொடுக்க எங்களால் இயலவில்லை. மேல்மாடியில் குடியிருந்தவர்கள் விட்டுச் சென்ற மெலமைன் புத்தக அலுமாரியைப் படுக்க வைத்து, நடுத்தட்டுகளைக் கழற்றி, முன்புறம் இரண்டு கண்ணாடிகள் நகரும்படி பிளாஸ்டிக் தடங்களை ஒட்டி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் பூட்டையும் சேர்த்து 112 டாலரில் வேலையை முடித்தேன். பின்பலகையில் தெர்மோஸ்டாட் வயருக்காக ஒரு துளை இட்டிருந்தேன். வயரைச் சுற்றி எஞ்சிய இடைவெளியில் என் சுண்டுவிரல் நுழையவில்லை என்பதைச் சோதித்துப் பார்த்து, அத்துடன் நிறைவடைந்துவிட்டேன்.

குஞ்சின் பருமன் ஒரு பென்சில் அளவுதான் என்பதும், தலை நுழையும் இடத்தில் உடல் முழுவதும் நுழைந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்திருந்தும் விரலை வைத்து அளந்தேன். மூன்றாம் நாள் காலையில் பூட்டு பூட்டியபடியே இருந்தது, பெட்டி வெறுமையாக இருந்தது.

எங்களுடன் இருக்கும் என் தாயார் அந்தப் பத்தொன்பது இரவுகளும் போர்வையைக் கால்களுக்கு அடியில் இறுக்கிச் செருகிக்கொண்டுதான் உறங்கினார். என்னையோ மகனையோ ஒரு சொல்லால்கூட அவர் குறை கூறவில்லை. இருபதாம் நாள் விடியற்காலையில், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், மோட்டாரின் இளஞ்சூட்டில் அது சுருண்டு கிடந்ததைக் கண்டவரும் அவரே. "தம்பியின்ர பாம்பு இஞ்சை கிடக்குது, மெதுவா வா" என்று என்னை எழுப்பினார். நான் தரையில் படுத்துக் கையை நீட்டியபோது அவர் பிடித்திருந்த டார்ச்சின் வெளிச்சம் சுவரில் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆனாலும் பாம்பு என் கைக்குள் வரும்வரை அவர் அந்த வெளிச்சத்தை விலக்கவில்லை.

நொச்சி, லெஸ்டர்

வடலி அண்ணா, உங்கள் பாம்பு தப்பிச் சென்றது, என்னுடையது பெட்டிக்குள்ளேயே வெந்தது. இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

என்னிடம் இருப்பது ராயல் பைத்தான் என்னும் மலைப்பாம்பு, உங்கள் பக்கத்தில் பால் (ball) பைத்தான் என்பார்கள். பழைய இழுப்பறை அலுமாரியின் சட்டத்தைக் கொண்டு மரப்பெட்டி செய்து, தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு வெப்ப விரிப்பு போட்டிருந்தேன். தெர்மோஸ்டாட்டும் இருந்தது, 32 பாகை என்று சரியாகவே வைத்திருந்தேன். சூட்டை அறியும் அதன் சென்சாரை ரப்பர் உறிஞ்சியால் ஒட்டியிருந்ததுதான் நான் செய்த பிழை. இரவில் பாம்பு உரசியதில் சென்சார் கழன்று தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழுந்திருக்கிறது. தண்ணீரின் குளிர்ச்சியை அறையின் குளிர்ச்சி என்று கருதிய தெர்மோஸ்டாட், விரிப்பை இரவு முழுவதும் அணைக்காமல் எரிய விட்டது. காலையில் அகச்சிவப்பு வெப்பமானியால் தரையை அளந்தபோது 49 பாகை காட்டியது. எதிர்ப்புறத்தில் குளிர்ந்த இடம் முழுவதும் காலியாக இருந்தும் பாம்பு அங்கே நகராமல், வெந்துகொண்டிருந்த தரையிலேயே படுத்திருந்தது. தம் வயிற்றுக்கு அடியில் உள்ள சூட்டை இவை உரிய நேரத்தில் உணர்ந்து விலகுவதில்லை என்று மருத்துவர் பின்னர் விளக்கினார்.

அதைத் தூக்கித் திருப்பிய கணம்தான் இன்னும் கனவில் வருகிறது. வெண்மையாக இருக்க வேண்டிய வயிற்றுச் செதில்கள் கையகல நீளத்துக்குப் பழுப்பேறி, விளிம்பு சுருங்கி, ஈரமாக இருந்தன. பெட்டி செய்ய எனக்கு ஆன செலவு 70 பவுண்டு, அந்த வயிற்றுக்கு மருத்துவம் பார்க்க ஆனது அதன் ஐந்து மடங்கு. புண் ஆறும்வரை சமையலறைத் தாள் விரித்த பிளாஸ்டிக் தொட்டியில்தான் வைத்திருந்தேன். அந்தத் தொட்டி கழுவ எளிதாகவும் ஈரப்பதம் நிலையாகவும் இருந்ததால், மரப்பெட்டியே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். கையில் பணம் இல்லாதவர்கள் மூடி இறுகும் தொட்டி ஒன்றை வாங்கித் துளையிட்டுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

உளி, பிராம்ப்டன்

நொச்சி தங்கச்சிக்கு நேர்ந்தது கொடுமையானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கு மரத்தின் மீது பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்சார் கழன்றது உறிஞ்சியால் ஒட்டியதால்தான். அதே உறிஞ்சியைப் பிளாஸ்டிக் தொட்டியில் ஒட்டியிருந்தாலும் அதே 49 பாகைதான் வந்திருக்கும். வயரைப் பிடிக்கும் சிறிய கிளிப்பைத் திருகாணியால் இறுக்கினால் பாம்பின் பலத்துக்கு அது அசையாது. அப்படித் திருகாணி ஏறக்கூடிய சுவர் மரப்பெட்டிக்குத்தான் உண்டு.

என் சொந்த அனுபவம் சிறியது. இடைவெளிகளை அடைக்க ஒட்டிய சிலிக்கோன் பசை தொட்டால் ஒட்டவில்லை என்பதை மட்டும் பார்த்து, இரண்டாம் நாளே பாம்பை உள்ளே விட்டேன். வினாகிரி வாடை நிறைந்த பெட்டிக்குள் அது காற்றுத்துளையில் மூக்கை அழுத்தியபடி இரவெல்லாம் அசையாமல் கிடந்ததை நான் மறக்கவில்லை. தச்சு வேலை செய்து பிழைக்கிற எனக்கு அந்த அவசரம் வந்திருக்கக் கூடாது.

ஆகவே, பெட்டி செய்ய எண்ணியிருப்பவர்களுக்காகச் சிலவற்றை விரிவாகச் சொல்கிறேன். மெலமைன் பலகையின் முகப்பு ஈரத்தைத் தாங்கும், ஆனால் அறுத்த ஓரம் தாங்காது. உள்ளே இருப்பது பசையிட்டு அழுத்திய மரத்தூள் என்பதால், கிண்ணத் தண்ணீர் ஒருமுறை சிந்தினாலே அந்த ஓரம் பொங்கிவிடும். அறுத்த ஓரங்கள் எல்லாவற்றையும், உள்மூலைகள் எல்லாவற்றையும் பூஞ்சைக்கொல்லி கலவாத முழுச் சிலிக்கோனால் அடைத்து, வாடை முற்றிலும் அடங்கும்வரை, குறைந்தது ஒரு வாரம், பெட்டியைத் திறந்து வையுங்கள். ஒட்டுப்பலகை மலிவாகக் கிடைத்தால் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பாலியூரிதேன் வார்னிஷை மூன்று பூச்சு கொடுத்து, இரண்டு வாரம் காற்றாட விடுங்கள். சீடர் மரம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம், நமக்கு மணமாகத் தோன்றும் அதன் எண்ணெய் பாம்புக்குக் கேடு. காற்றுத்துளைகளைக் குளிர்ந்த முனையில் தாழ்வாகவும் சூடான முனையில் உயர்வாகவும் இட்டால், சூடான காற்று மேலேறி வெளியேறும்போது குளிர்ந்த காற்று தானாகவே கீழே நுழையும். துளைகளுக்குக் கம்பிவலையை உட்புறம் அடிக்காதீர்கள், வெளியேற முயலும் பாம்பு மூக்கை அதில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். கண்ணாடியை அளவுக்கு அறுக்கச் சொல்லும்போதே ஓரங்களையும் மழுக்கித் தரச் சொல்லுங்கள். பீங்கான் வெப்பக்குமிழ் போடுவதானால் அதற்குப் பீங்கான் தாங்கியும், பாம்பு அதைச் சுற்றாதபடி கம்பிக்கூடும் கட்டாயம் வேண்டும்.

பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விஷமற்ற சிறிய பாம்புக்கு எதற்குப் பூட்டு என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. 2013 ஆகஸ்டில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் கேம்பெல்டன் நகரில், அடைப்பிலிருந்து வெளியேறிய ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு ஒன்று காற்றுக்குழாய் வழியாகப் போய், மறு அறையில் உறங்கிக்கொண்டிருந்த சகோதரர்களான இரண்டு சிறுவர்களைக் கொன்றது. வடலியின் சோளப்பாம்பால் யாருக்கும் உயிராபத்து இல்லை என்பதை அறிவேன். என்றாலும், மூடாமல் விட்ட ஒரு வழியை எந்தப் பாம்பும் கண்டுபிடிக்கும் என்பதால், ரூபாயோ டாலரோ குறைக்க வேண்டுமானால் பலகையில் குறையுங்கள், பூட்டிலும் தெர்மோஸ்டாட்டிலும் குறைக்காதீர்கள்.

கடலோரம், செங்கல்பட்டு மாவட்டம்

இங்கே நம் நாட்டுப் பாம்புகளை 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்க்க முடியாது என்பதால், நான் பெட்டி எதுவும் செய்ததில்லை. எனினும், உலகிலேயே செலவு குறைந்த பாம்பு அடைப்பு எங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுக்கும் பாம்புகளை மண்பானைகளில் வைத்திருக்கிறார்கள். பானைக்குள் மணல் இருக்கும், வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். துணி வழியாகக் காற்று போகும், மண் சுவர் வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும், உள்ளே இருட்டாக இருப்பதால் பாம்பும் அமைதியாகக் கிடக்கும்.

என் மகளை அங்கே அழைத்துச் சென்ற நாளில், துணியை அவிழ்க்கும் முன்பே ஒரு பானைக்குள்ளிருந்து கண்ணாடி விரியன் சீறியது. குக்கர் ஆவி விடுவது போன்ற அந்தச் சீறல் பானையின் வயிற்றில் எதிரொலித்துப் பெரிதாக வந்தபோது, மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பானை அருகே இருந்த முதியவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த ஒலியிலேயே அறிந்துகொண்டவரைப் போல, சற்று நேரம் காத்திருந்து, பிறகு முடிச்சைத் தொட்டார். அந்தக் காத்திருப்பைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பெட்டி பெரிதாக இருக்க வேண்டும் என்று பாம்பு வளர்ப்போர் பலர் சொல்வதுண்டு, ஆனால் பாம்புக்கு வேண்டியது விசாலம் அல்ல, மறைவுதான் என்று அங்கே எனக்குத் தோன்றியது.

தும்பை, சிட்னி

கடலோரம் ஐயா அவர்களின் கடைசி வரியை மட்டும் பணிவுடன் மறுக்கிறேன். அந்தப் பானைகளில் ஒரு பாம்பு இருப்பது சுமார் மூன்று வாரம்தான். அதற்குள் நான்கு முறை விஷம் எடுத்துவிட்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். மூன்று வாரத் தங்குமிடத்தை இருபது ஆண்டு வாழப்போகும் பாம்பின் வீட்டுக்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது. மறைவு வேண்டும் என்பது உண்மை, அதற்காகச் சூடான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றுமாக இரண்டு மறைவிடங்கள் வைக்கிறோம். கவிழ்த்த பூந்தொட்டியே போதும். ஆனால் பாம்பு முழு நீளத்துக்கு உடலை நீட்டிப் படுக்கவும் பெட்டியில் இடம் இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் சோளப்பாம்பு வளர்ப்பது சட்டவிரோதம். நான் நியூ சவுத் வேல்ஸ் உரிமம் பெற்று, சில்ட்ரன்ஸ் பைத்தான் என்னும் இந்நாட்டுச் சிறிய மலைப்பாம்பை வளர்க்கிறேன். பழைய தொலைக்காட்சி அலுமாரிதான் அதன் பெட்டி. வெப்பமானியின் வயரை உள்சுவரில் ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தேன், கிளிப் வாங்க இரண்டு டாலர்தான் ஆகியிருக்கும். ஒரு மாலை வேலை முடிந்து வந்தபோது, நாடாவின் ஒரு முனை உரிந்து, பாம்பின் கழுத்துக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குச் சுற்றி ஒட்டியிருந்தது. அது திமிறத் திமிறத் தோல் நாடாவோடு எழும்பியது.

இழுக்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். கணவர் உடலை ஏந்திப் பிடிக்க, நான் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து, தலைப்பக்கத்திலிருந்து வால் பக்கமாக, செதில் படிந்த திசையிலேயே, அரைச் சென்டிமீட்டர் அரைச் சென்டிமீட்டராகப் பசையைக் கரைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசித் துண்டில் மூன்று செதில்கள் நாடாவோடு வந்துவிட்டன. அவ்வளவு நேரத்தில் அது ஒருமுறைகூட எங்களைக் கடிக்கவில்லை. நாடா நீங்கியதும் எண்ணெய் வழுக்கும் உடலோடு என் மணிக்கட்டைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொண்டது. சூட்டைத் தேடித்தான் பிடித்தது என்று அறிவு சொல்கிறது, ஆனாலும் அன்று நான் சமையல் செய்யவில்லை, இரவு வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வடலி, ஸ்காபரோ

எல்லோருக்கும் நன்றி. உளி அண்ணா, துளையை அடைத்த விதத்தைப் பலரும் கேட்பார்கள் என்பதால் எழுதுகிறேன். மின்கடையில் கேபிள் கிளாண்ட் என்று கேட்டால் கிடைக்கும், நான்கு டாலருக்குள்தான் வரும். திருகும்போது அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வயரை இறுகக் கவ்விக்கொள்வதால் ஊசிமுனை இடைவெளிகூட எஞ்சுவதில்லை. கண்ணாடிகள் இரண்டும் ஒன்றன்மீது ஒன்று ஏறும் நடு இடைவெளியையும் தெளிந்த பிளாஸ்டிக் பட்டையால் மூடிவிட்டேன். அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியவர் என் தாயார்தான்.

நொச்சி தங்கச்சி, உங்கள் பாம்பின் வயிறு இப்போது எப்படி இருக்கிறது?

நொச்சி, லெஸ்டர்

கேட்டதற்கு நன்றி அண்ணா. முதல் இரண்டு தோலுரிப்புகளில் புண் இருந்த இடத்தில் மட்டும் பழைய தோல் ஒட்டிக்கொண்டது. ஈரப் பாசி நிரப்பிய சிறு பெட்டியை உள்ளே வைத்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. ஒவ்வொரு முறை தோல் உரியும்போதும் தழும்பு சிறிது வெளுத்தது, இப்போது ஆறாவது முறையும் முடிந்துவிட்டது. நடுவில் நான்கு செதில்கள் மட்டும் நேராக அமையாமல் ஒன்றோடொன்று இணைந்து, மெழுகு உருகியது போல இருக்கின்றன. அவை அப்படியேதான் இருக்கும் என்று மருத்துவர் கூறினார். சென்சாரை இப்போது கிளிப்பில் மாட்டித் திருகாணி வைத்து இறுக்கியிருக்கிறேன். ஆம் உளி அண்ணா, மரப்பெட்டியில்தான்.