ஓஃப்செற்றுக்குத் தமிழ்: விலகலா, தள்ளலா, ஒதுக்கமா?

கிளிநொச்சி, வாகனத் தொழில்நுட்ப ஆசிரியர்:

எல்லாருக்கும் வணக்கம். கப் (பிக்கப்) ரக வாகனங்களுக்கு லொறிச் சில்லும் லொறி ரயரும் பொருத்துவது பற்றி மாணவர்களுக்கு ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். ரயர், றிம், நட் எல்லாம் ஊர் வாயில் ஊறிய சொற்கள்; அவற்றை மாற்றும் எண்ணம் எனக்கில்லை. என் கை நிற்கும் இடம் 'ஓஃப்செற்'.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். சில்லின் அகலத்தைச் சரிபாதியாக வெட்டும் நடுக்கோடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாகனத்தின் அச்சு முனையில் சில்லு ஒட்டி அமரும் தட்டையான முகம், அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது என்பதே ஓஃப்செற். முகம் வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ், எஞ்சின் பக்கம் இருந்தால் மைனஸ். ஹைலக்ஸ் கப்பின் 17 அங்குல விட்டமும் 7.5 அங்குல அகலமும் உள்ள றிம்முக்கு +30.

'விலகல்' என்று எழுதிப் பார்த்தேன். 'விலகல் +30' என்றதும் மாணவர்களில் பாதிப்பேர் சில்லு 30 மில்லிமீற்றர் வெளியே வரும் என்று விளங்கிக்கொள்கிறார்கள். உண்மை நேர்மாறு: பிளஸ் கூடக்கூடச் சில்லு உள்ளே போகும். 'நடுவிலகல்' என்றும் யோசித்தேன். ஆனால் சில்லு வட்டம் பிசகிச் சுழல்வதற்கு அந்தச் சொல் இன்னும் பொருத்தமாக இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

புதுக்குடியிருப்பு, கராஜும் லேத்தும் வைத்திருப்பவர்:

சேர், விளங்காமல் போவது மாணவர்களின் பிழையில்லை. அந்தக் கணக்கு றிம்மை மேசையில் வைத்துப் பார்க்கிறவருக்காகச் செய்யப்பட்டது. வாகனத்தின் கீழே குந்தியிருப்பவனுக்கு அச்சு அசையாது; அசைவது சில்லுத்தான். அவனுக்கு வேண்டியது ஒரே விடயம்: சில்லு உள்ளே போகுதா, வெளியே வருகுதா?

கராஜில் 'தள்ளின றிம்' என்று ஒரு பேச்சு உண்டு. அது வெளியே தள்ளினதை மட்டும் குறிக்கும். உள்ளே போன றிம்முக்கு அந்தச் சொல் உதவாது. லொறிச் சில்லில் சிக்கலே உள்ளே போவதில்தான் தொடங்குகிறது.

225/70ஆர்19.5 ரயரை எடுங்கள்; முதல் எண் ரயரின் அகலம் மில்லிமீற்றரில், கடைசி எண் றிம்மின் விட்டம் அங்குலத்தில். ஹைலக்ஸின் 265/65ஆர்17 ரயரின் விட்டம் 776 மில்லிமீற்றர். இதன் விட்டம் 810. இரட்டைச் சில்லுப் போடும் லொறிக்கென்று செய்த 19.5 றிம்மில் முகம் நடுக்கோட்டிலிருந்து 100 மில்லிமீற்றருக்கும் மேல் தள்ளியிருக்கும். பின்னச்சில் இரண்டு சில்லும் முதுகோடு முதுகாய் ஒட்டி நிற்க வேண்டுமல்லவா, அதற்காக. அதே றிம்மை ஒற்றையாய்க் கப்பில் பூட்டினால் என்ன நடக்கும்?

கணக்கு இது. பழைய ரயரின் உள்விளிம்பு, அகலத்தின் பாதி 132.5, அதோடு 30. அச்சு முகத்திலிருந்து 162.5 உள்ளே. புதிய ரயர் ஒடுக்கம், அதன் பாதி 112.5 தான். ஆனால் றிம் +110 என்றால் உள்விளிம்பு 222.5 இல் நிற்கும். அறுபது மில்லிமீற்றர் கூட! முன்சில்லில் அது மேல் போல் ஜொயின்றையும் ஸ்டியறிங் கம்பி முனையையும் தின்னும். பின்சில்லில் ஸ்பிறிங் தகட்டிலும் சொக் அப்சோபரிலும் உரசும். ரயர் ஒடுக்கமாய் இருக்கிறதே, இடம் போதும் என்று கண்ணால் பார்த்து வாங்குகிறவர்கள் விழும் பள்ளம் இதுதான்.

பிளஸ், மைனஸ் என்ற குறியே இல்லாத சொல் வேண்டும். உள், வெளி என்ற சொற்கள் அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

மல்லாவி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பிமார் இருவருக்கும் வணக்கம். எந்திரம் உங்கள் துறை. சொல்லை மட்டும் நான் பார்க்கிறேன்.

மாட்டுவண்டிச் சில்லுக்கு நம்மிடம் முழுச் சொற்றொகுதியே இருக்கிறது. நடுவில் அச்சு நுழையும் திரண்ட கட்டை குடம். அதிலிருந்து புறப்படுபவை ஆரக்கால்கள். அவற்றைச் சுற்றி வளையும் மரம் வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா, சில்லு கழலாமல் கடையாணி. ஆகவே அச்சு முனைப் பகுதியைக் 'குடம்' என்றே எழுதுங்கள். சில்லு ஒட்டும் முகம் 'குடமுகம்'. சில்லின் நடு ஓட்டை 'குடவாய்'. மூன்றும் பழைய வேரில் முளைத்தவை, பொருத்தமும் சரி.

ஓஃப்செற்றுக்கு என் சொல்: ஒதுக்கம். 'வண்டியை ஒதுக்கி விடு', 'சில்லு ஒதுங்கி நிக்குது' என்று வன்னியில் எவரும் சொல்வர். ஒதுங்குதல் என்றால் இருந்த இடத்திலிருந்து ஒரு பக்கமாக நகர்ந்து நிற்பது. எந்தப் பக்கம் என்ற கேள்வி அதோடு தானாக வரும். குடமுகத்திலிருந்து சில்லின் நடுக்கோடு உள்ளே நகர்ந்திருந்தால் உள்ளொதுக்கம், வெளியே என்றால் வெளியொதுக்கம். பொதுப்பெயர் சில்லொதுக்கம். நடுக்கோடும் முகமும் ஒன்றானால் 'ஒதுக்கமில்லை' என்றாலே போதும். சுழியம் என்று எழுதத் தேவையில்லை.

'ஒதுக்கீடு' என்ற சொல்லோடு மயங்குமோ என்று ஒருவர் கேட்கக்கூடும். நிதிக்கும் காணிக்கும் ஒதுக்கீடு என்கிறோமே தவிர ஒதுக்கம் என்பதில்லை. உள், வெளி என்ற முன்னொட்டும் வந்துவிட்டால் மயக்கத்துக்கு இடமே இல்லை.

கிளிநொச்சி, வாகனத் தொழில்நுட்ப ஆசிரியர்:

ஐயா, 'உள்ளொதுக்கம் 30' என்று எழுதிப் பார்த்தேன். விளக்கமே தேவைப்படவில்லை. ஏற்கிறேன்.

ஒரு சொல் நிற்குமா என்பதை அளவெடுக்கும் பாடத்தில்தான் பார்க்க வேண்டும். ஆகவே அந்தப் பகுதியை இந்தச் சொற்களோடு எழுதியிருக்கிறேன். பக்கத்துச் சொற்கள் இரண்டும் கூடவே பிறந்துவிட்டன.

“றிம்மை முன்பக்கம் கீழாகக் கிடத்துக. பின்விளிம்பின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வைத்து, அங்கிருந்து குடமுகத்தில் ஒட்டும் பரப்பு வரை அளவுகோலை நேரே இறக்குக. கிடைப்பது பின்னாழம். றிம்மைப் புரட்டி முன்விளிம்பிலிருந்தும் அவ்வாறே அளந்து, றிம்மின் நடுத்தகட்டின் தடிப்பைக் கூட்டுக. கிடைப்பது முன்னாழம். பின்னாழத்திலிருந்து முன்னாழத்தைக் கழித்துப் பாதியாக்கினால் ஒதுக்கம். பின்னாழம் பெரிதென்றால் உள்ளொதுக்கம், முன்னாழம் பெரிதென்றால் வெளியொதுக்கம். எடுத்துக்காட்டு: பின்னாழம் 138, முன்னாழம் 78. வித்தியாசம் 60. உள்ளொதுக்கம் 30.”

இரண்டு ஆழத்தையும் அளக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னாழத்தை மட்டும் எடுத்து, றிம்மில் அடித்திருக்கும் அகலத்தில் பாதியைக் கழிக்கிறார்கள். 7.5 அங்குலம் என்பது ரயர் அமரும் இடத்துக்கு இடைப்பட்ட அகலம், 190.5 மில்லிமீற்றர். இரு பக்கமும் விளிம்பு மடிப்புகளைச் சேர்த்தால் வெளி அகலம் ஏறத்தாழ 216. இதைக் கவனிக்காதவருக்கு 30 என்பது 43 ஆகிவிடும். அந்த 13 மில்லிமீற்றர்தான் மட்காட்டில் உரசுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

புதுக்குடியிருப்பு, கராஜும் லேத்தும் வைத்திருப்பவர்:

பின்னாழம், முன்னாழம் இரண்டும் கைக்கு வாகான சொற்கள். நாளைக்கே சொல்லிக்கொடுக்கலாம். இனி வெளியொதுக்கம் கூடினால் என்ன கேடு என்பதையும் அந்தக் குறிப்பில் எழுதுங்கள் சேர். உள்ளொதுக்கம் கூடினால் உரசும், சத்தம் கேட்கும், ஆள் இறங்கிப் பார்ப்பான். வெளியொதுக்கம் கூடினால் சத்தமே வராது. பாரம் பெயறிங்கின் வெளிப்பக்கம் சாயும், மெல்லமெல்லத் தேயும். ஸ்டியறிங் திரும்பும் அச்சுக்கோட்டுக்கும் ரயர் நிலம் தொடும் நடுவுக்கும் இடைவெளி கூடுவதால் ஒரு பக்கச் சில்லு மட்டும் மணலிலோ குழியிலோ இறங்கினால் ஸ்டியறிங் கையைப் பிடுங்கும். ஏ9 வீதியின் தாரில் இது தெரியாது. ஏ35 இலிருந்து உள்ளே கிறவல் ஒழுங்கைக்குத் திரும்பிப் பாருங்கள்; அப்போது தெரியும்.

லொறி றிம்மின் துளைவட்டமும், அதாவது போல்ற்றுத் துளைகள் அமைந்த வட்டமும், கப்பில் அமராது. பழைய கன்டர் போன்ற லொறிகளில் ஆறு துளை, துளைவட்ட விட்டம் 222.25. ஹைலக்ஸ், டிமாக்ஸ், எல்200 ஆகிய மூன்று கப்புக்கும் ஆறு துளை, 139.7. நவாராவுக்கு 114.3. 222 ஐ 139 ஆக்க இடைத்தட்டு ஒன்று கடைந்து பூட்டுகிறார்கள். அந்தத் தட்டின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு உள்ளொதுக்கம் குறையும். றிம் உள்ளொதுக்கம் 110, தட்டு 80 என்றால் மிஞ்சுவது உள்ளொதுக்கம் 30. சொல் இங்கே கணக்கையும் இலகுவாக்குகிறது, பாருங்கள். ஆனால் 80 மில்லிமீற்றர்த் தட்டும் லொறிச் சில்லும் சேர்ந்த பாரம், சிறிய ஆறு போல்ற்றில் தொங்குகிறது. உருக்கிலோ தரமான அலுமினியத்திலோ கடையாமல், கிடைத்த தகட்டை வெட்டித் துளைத்த தட்டு வெடிக்கும். குடவாய்க்குள் இறுக்கமாக அமரும் கழுத்து இல்லாத தட்டு நடுப்பிசகி அதிரும்.

இதைவிட மோசம், தட்டே போடாமல் றிம்மின் நடுத்தகட்டை வெட்டி நகர்த்தி வெல்டிங் பிடிப்பது. வெப்பத்தில் நெளிந்து வட்டம் போய்விடும், ஒட்டின் ஓரத்தில் கீறல் ஓடும். ரயர் றிம்மில் இருக்கும்போது வெல்டிங் பிடிக்கவே கூடாது, காற்றை இறக்கியிருந்தாலும். உள்ளே ரப்பர் வெந்து வாயு பிடித்து வெடிக்கும். பக்கத்தில் நின்றவர் தப்பமாட்டார். இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

லொறித் தோற்றமும் பாரம் தாங்கும் ரயரும்தான் வேண்டுமென்றால் நேரான வழி 7.50ஆர்16 ரயர். 1999 வரை வந்த லாண்ட் குரூசர் 70 வகையின் 16 அங்குல இரும்பு றிம்முக்கு அதே 139.7 துளைவட்டம். இடைத்தட்டு வேண்டாம். பிறகு வந்த ஐந்து துளை றிம் உதவாது. வாங்கும் முன்னர் பின்னாழம், முன்னாழம், குடவாய் மூன்றையும் அளந்துவிட வேண்டும். நட்டையும் மாற்ற வேண்டும்: ஹைலக்ஸின் அலோய் றிம்முக்கு வந்தது தட்டை வோஷர் நட். இரும்பு றிம்முக்குக் கூம்பு முனை நட். தட்டை நட்டைக் கூம்புக் குழியில் இறுக்கினால் பிடித்தது போலத் தெரியும், ஓடஓடக் கழலும். 12 மில்லிமீற்றர் போல்ற்றில், புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர் என்றால், நட் குறைந்தது 8 சுற்று ஏற வேண்டும். ஜக்கை இறக்க முன்னர் குறுக்கு மறுக்காக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் திரும்பவும் இறுக்க வேண்டும்.

வவுனியா, ரயர்க் கடைக்காரர்:

வாசித்துக்கொண்டு வந்தேன், இரண்டு விடயம் சேர்க்கிறேன். 19.5 ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் காற்று அளவு உச்சப் பாரத்துக்கானது. 128 என்ற பாரச் சுட்டெண் ஒரு சில்லுக்கு 1,800 கிலோ. உங்கள் பழைய ரயரின் 112 க்கு 1,120. வெறும் கப்புக்கு அந்த உச்சக் காற்றை அடித்தால் ரயரின் நடு மட்டும் தேயும், நனைந்த தாரில் பிறேக் பிடிக்காமல் வழுக்கும். ரயர் 1,800 தாங்கும் என்பதற்காக அச்சும் ஸ்பிறிங்கும் தாங்காது. நெல் மூட்டையை முன்னைப்போலவே ஏற்றுங்கள்.

அடுத்தது, 19.5 றிம்மில் ரயர் அமரும் சரிவு 15 பாகை, கார் றிம்மில் 5 பாகை. இரண்டும் கலக்காது. பெரும்போகத்தில் இரணைமடுவுக்குக் கீழே வயல் வரம்பில் ஓட ஒடுக்கமான ரயர் நல்லது, மேல் சேற்றை வெட்டி அடித்தரையைப் பிடிக்கும். முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் அதே ரயர் அச்சுவரை புதையும்.

மல்லாவி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'இடைத்தட்டு' என்று தம்பி போகிறபோக்கில் எழுதியதே நல்ல சொல். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'துளைவட்டம்' அப்படியே இருக்கட்டும்.

கிளிநொச்சி, வாகனத் தொழில்நுட்ப ஆசிரியர்:

சேர்த்துவிட்டேன் ஐயா. விட்டம் 776 இலிருந்து 810 ஆகும்போது வேகமானி 60 காட்டும் நேரத்தில் வாகனம் 62.6 இல் ஓடும் என்பதையும், முன்சில்லை முழுவதும் திருப்பி, சில்லைத் தாங்கும் கீழ்க் கையின் அடியில் ஜக் வைத்து முட்டு ரப்பர் வரை உயர்த்தி, மட்காட்டின் பின்மூலையில் இடைவெளி பார்க்க வேண்டும் என்பதையும் எழுதியாயிற்று. இரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ரயர் ஏற்றிய பின் றிம்மில் பொறித்த இலக்கம் மறைந்துபோகும் இடமும் உண்டு. ஆகவே ரயர் ஏற்றும் முன்னரே, நடுத்தகட்டின் பின்பக்கத்தில் 'உள் 30' அல்லது 'வெளி 10' என்று வெள்ளைப் பெயின்றால் எழுதிவிடும்படி குறிப்பின் முதல் படியாகப் போட்டிருக்கிறேன்.